பேரோநாய்ப் படங்களின் மெய்ம்மை: காண்டல், கருதல், உரை வழிநின்று ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

தீராத வழக்குகள் உலகில் பல உண்டு. சிந்துவெளி முத்திரைகளில் எழுதியிருப்பது என்ன என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள், கருத்தரங்குகள் நடக்கின்றன, இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் ராக்கி மலைப் பனியில் மண்டியிட்ட ஒருவர், தம்மைவிடப் பெரிதாகத் தெரியும் ஓநாயைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் மெய்யா பொய்யா என்ற வழக்குக்கோ இதுவரை ஒரு துறையும் இல்லை, துறைத்தலைவரும் இல்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

முதலில் பொருளின் இலக்கணம். பேரோநாய்ப் படத்துக்கு உறுப்புகள் ஐந்து. தரையில் பனி இருக்கும். ஓநாய் செத்திருக்கும். மனிதர் அதன் பக்கத்தில் இல்லாமல் பின்னால் இருப்பார். படத்தோடு ஓர் எடை சொல்லப்படும். அது 200 பவுண்டுக்குக் குறையாது. எடை போட்ட தராசு படத்தில் இருக்காது. இவ்வைந்தில் முதல் நான்கில் ஒன்றிரண்டு குறைந்தாலும் படம் பேரோநாய்ப் படமே. ஐந்தாவது மட்டும் குறைவதே இல்லை.

சைவ சித்தாந்த நூலார் ஒரு பொருளின் உண்மையை அறியக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்வர். இறைவனுக்கும் உயிருக்கும் பயன்பட்ட கருவிகள் ஓநாய்க்கும் பயன்படும் என்னும் துணிபில் மேலே செல்வோம்.

2. வழக்கின் வரலாறு

பெரிய ஓநாய் என்ற செய்தி கேமராவுக்கு முந்தியது. 1764 முதல் 1767 வரை தெற்கு பிரான்சின் ஜெவோதான் பகுதியில் ஒரு மிருகம் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்று தின்றது. கண்டவர்கள் அதைக் கன்றுக்குட்டி அளவு என்றார்கள். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள் அதை இன்னும் பெரிதாக்கி நாடெங்கும் கொண்டுபோயின. மன்னர் பதினைந்தாம் லூயி தம் துப்பாக்கி ஏந்தும் அதிகாரியான பிரான்சுவா அந்துவானை அனுப்பினார். 1765 செப்டம்பரில் அவர் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார்.

அதன்பின் அவர்கள் செய்த காரியம் இவ்வாய்வுக்கு மிக முக்கியம்: அளந்தார்கள். தோளுயரம் சுமார் 80 சென்டிமீட்டர், நீளம் சுமார் 1.7 மீட்டர், எடை சுமார் 60 கிலோ. இன்று யெல்லோஸ்டோனில் பிடிபட்டால் அதிகாரிகள் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த ஓநாய்க்குப் போய்விடக்கூடிய அளவு. அந்த உடலைப் பாடம் செய்து வெர்சாய் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் டிசம்பரில் சாவுகள் மீண்டும் தொடங்கின. 1767 ஜூனில் ஜான் ஷாஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் மற்றொரு மிருகத்தைச் சுட்ட பின்புதான் அவை ஓய்ந்தன. அளக்கப்பட்ட ஓநாய் 60 கிலோவில் நின்றுவிட்டது. அச்சுப்படத்து ஓநாயை யாரும் அளக்காததால் அது கன்றுக்குட்டி அளவிலேயே நீடித்தது.

அமெரிக்கக் கிளைக்கு வருவோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பழைய ஓநாய்க் கூட்டம் 1926-ஆம் ஆண்டோடு ஒழிக்கப்பட்டது. 1995-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின. 2009-இல் ஐடஹோவும் மொன்டானாவும் சட்டப்படியான ஓநாய் வேட்டைக்கு அனுமதி கொடுத்தன. வேட்டைக்காரரின் சட்டைப்பையில் அதற்குள் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. துப்பாக்கியும் கேமராவும் ஒரே ஆளிடம் சேர்ந்த அந்த வேளையிலிருந்து நம் துறையின் பொற்காலம் தொடங்குகிறது.

3. உரை அளவை: படத்தின் கீழே எழுதப்பட்டது

உரை அளவையாவது நம்பத் தகுந்தவர் சொல். இங்கே சொல்பவர் பெரும்பாலும் படத்தில் இருப்பவரின் நண்பருக்கு நண்பர். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மாநிலங்களைப் பிறப்பிடமாகச் சொல்வதும் வழக்கமே. ஆகவே வேறு உரையைத் தேடுவோம்.

யெல்லோஸ்டோனில் ஆண் ஓநாய் 45 முதல் 59 கிலோ வரையும், பெண் 36 முதல் 50 கிலோ வரையும் இருக்கும் என்பது பூங்கா தரும் கணக்கு. நம் வீட்டுக்கு வரும் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை அடுக்கினால் ஒரு நடுத்தர ஆண் ஓநாய். இந்த எடை யாரோ கண்ணால் மதித்துச் சொன்னதும் அல்ல. குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, மயக்க ஊசி சுட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டும்போது ஓநாயைத் தூளியில் தூக்கி நிறுத்துப் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்தவற்றில் மிகப் பெரியவை ஏறக்குறைய 67 கிலோ.

உலக அளவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓநாய் 1939 ஜூலையில் கிழக்கு-மத்திய அலாஸ்காவில் கொல்லப்பட்டது. எடை 175 பவுண்டு, அதாவது 79.4 கிலோ. வடக்கே போகப் போக ஓநாய் பெருக்கும், தெற்கே வர வரச் சிறுக்கும். குளிர்நாட்டு விலங்கு உடல்வெப்பத்தைக் காக்கப் பெருத்த உடல் கொள்ளும் என்று 1847-இல் கார்ல் பெர்க்மன் சொன்ன விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மகாராட்டிரம், கர்நாடகத்தின் புல்வெளிகளில் ஆட்டுக்கிடைகளைச் சுற்றித் திரியும் இந்திய ஓநாய் 25 கிலோவைத் தாண்டுவது அரிது.

படத்தின் கீழே 230 பவுண்டு என்றிருந்தால் அது 104 கிலோ. அலாஸ்கா ஓநாயைவிட 25 கிலோ கூட. அலாஸ்கா ஓநாய் ஓர் இந்திய ஓநாயை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்கும் முன்னே தராசில் ஏறினால் இக்கணக்கு சரிவரும். ஆனால் அதற்கும் தடை உண்டு. ஓநாய் ஒரே வேளையில் வயிற்றில் அடக்கக்கூடிய இறைச்சி 10 கிலோ அளவுதான். இதனாலேயே கவனமுள்ள ஆய்வாளர்கள் எடையோடு வயிறு காலியா நிறைவா என்பதையும் குறித்துவைக்கிறார்கள்.

4. காண்டல் அளவை: கேமரா கண்டது

அப்படியானால் படம் ஒட்டுவேலையா? இங்கேதான் ஐயவாதிகள் சறுக்குகிறார்கள். பேரோநாய்ப் படங்களில் பல ஒட்டுவேலை இல்லாத, நேர்மையான படங்கள். நேர்மையான படம் பொய் சொல்லுமோ எனின், சொல்லும். என்னை? கேமராவுக்குத் தெரிந்தது கோணம் ஒன்றே; தொலைவு அதற்குத் தெரியாது.

கேமராவிலிருந்து ஓநாய் 2 மீட்டர், மனிதர் 3 மீட்டர் என்க. மனிதரோடு ஒப்பிடும்போது ஓநாய் ஒன்றரை மடங்காகத் தெரியும். 80 சென்டிமீட்டர் தோளுயரம் 120 ஆகிவிடும். இதைச் செய்ய ஃபோட்டோஷாப் வேண்டாம். ஓரடி பின்னால் நகர்ந்து, கைகளை முன்னால் நீட்டினால் போதும். தூண்டில்காரர்கள் இந்தக் கலையில் வேட்டைக்காரர்களுக்கு மூத்தவர்கள். மீனைக் கேமராவை நோக்கி நீட்டுவதோடு, பிடித்த விரல்கள் மீனுக்குப் பின்னால் மறையவும் பார்த்துக்கொள்வார்கள். விரல் தெரிந்தால் மீன் சிறுத்துவிடும்.

பழியை அகலக் கோண லென்ஸின் மேல் போடுவாரும் உளர். அது பாதி உண்மை. ஒன்றரை மடங்கு வீக்கம் தொலைவால் வருவது, லென்ஸால் அன்று. ஆனால் கைபேசியின் லென்ஸ் அகலக் கோணமாதலால், எடுப்பவர் கிட்டே போகிறார்; கிட்டே போவதால் முன்னால் இருப்பது வீங்குகிறது. குற்றவாளி கால், லென்ஸ் உடந்தை.

அடுத்தது மயிர். பேரோநாய்ப் படங்கள் பெரும்பாலும் பனிக்காலத்தில் எடுக்கப்படுவது தற்செயல் அன்று. குளிர்காலத்தில் ஓநாயின் உடலில் அடர்ந்த அடிமயிரும் அதன்மேல் நீண்ட வெளிமயிரும் சேர்ந்து கழுத்தும் தோளும் இரு மடங்காகத் தோன்றும். அதே ஓநாயைக் கோடையில் பார்த்தால் நீண்ட கால்களும் ஒடுங்கிய மார்புமாக, கடன்காரனுக்கு ஒளிந்து திரிபவனைப் போன்ற தோற்றம். கோடையில் எடுத்த பேரோநாய்ப் படம் ஒன்றைத் தேடுபவர் நெடுநேரம் தேட நேரிடும்.

5. கருதல் அளவை: கணக்கு

உரையும் காட்சியும் முரண்படும்போது கருதல் தீர்ப்புச் சொல்லும். 1638-இல் கலிலியோ வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு: ஒரு பொருளின் உருவம் மாறாமல் நீள அகல உயரங்களைப் பெருக்கினால், எடை அந்தப் பெருக்கத்தின் மும்மடியில் கூடும். உயரம் ஒன்றரை மடங்கானால் எடை ஏறத்தாழ 3.4 மடங்கு. 50 கிலோ ஓநாய் சுமார் 170 கிலோவாக வேண்டும்.

இப்போது வேடிக்கை. படம் காட்டுவது 170 கிலோ ஓநாய். கீழே எழுதியிருப்பது 104 கிலோ. ஆக, எழுதியவரே தம் படத்தை நம்பவில்லை! பொய்யைக் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார். படத்தை ஒப்புக்கொண்டால் எழுத்து பொய். எழுத்தை ஒப்புக்கொண்டால் படம் பொய். இவ்விரண்டையும் ஒருசேர நம்புகிறவர் கலிலியோவோடுதான் வழக்காட வேண்டும்.

இம்முறை பன்றி விஷயத்தில் ஏற்கெனவே வென்றிருக்கிறது. 2007-இல் அலபாமாவில் 11 வயதுச் சிறுவன் 1,051 பவுண்டு காட்டுப்பன்றியைச் சுட்டதாக ஒரு படம் உலகைச் சுற்றியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் பிராண்ட் படத்தின் வடிவியலைக் கணக்கிட்டு, சிறுவன் பன்றிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறான் என்றார். அதைவிடச் சுவையான செய்தி பின்னால் வந்தது. அது காட்டுப்பன்றியே அல்ல. பண்ணையில் வளர்ந்து, நான்கு நாளைக்கு முன் வேட்டைத் தோட்டத்துக்கு விற்கப்பட்டது. அதன் பெயர் ஃபிரெட். இதற்கு மூன்றாண்டு முன் ஜார்ஜியாவில் 12 அடி, 1,000 பவுண்டு என்று புகழப்பட்ட மற்றொரு பன்றியை நேஷனல் ஜியாகிரபிக் குழு தோண்டியெடுத்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ 8 அடி, 800 பவுண்டு என்று கணித்தது. மண்ணுக்குள் அவ்வளவு சுருங்கியது என்று வாதிடவும் ஆள் இருந்திருக்கலாம்.

வாசகர் வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. ஓநாயின் காதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். கை ஓநாயின் தொலைவில் இருக்கிறது, முகம் பின்னால் இருக்கிறது. ஆகவே ஓநாயோடு சேர்ந்து கையும் வீங்கியிருக்கும். மனிதரின் முகத்தைவிட அவர் கை பெரிதாக இருந்தால் வழக்கு முடிந்தது. ஓநாயின் பாதமும் நல்ல சாட்சி: அதன் அடிச்சுவடு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளங்கையோடு பாதம் ஒரே தளத்தில் தெரியும் படத்தில் ஒரு அடிக்கோல் போதும்.

6. பொய்ம்மையின் வகைகள்

பேரோநாய் இலக்கியத்தில் பொய் ஐவகைப்படும்.

முதலாவது, மெய்ப்படமும் பொய்யுரையும். 25 ஓநாய்கள் பனியில் ஒரே வரிசையில் நடக்கும் படத்தைக் காணாதவர் குறைவு. முன்னால் நோயுற்ற முதியவை, கடைசியில் தலைவன் என்ற நிர்வாகப் பாடத்தோடு அது 2015-இல் பரவியது. படம் உண்மை. 2011-இல் ஒளிபரப்பான பிபிசியின் ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடருக்காகக் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் சாடன் ஹன்டர் எடுத்தது. ஆனால் முன்னால் போனது நோயாளி அன்று. ஆழ்ந்த பனியை உடைத்து வழி செய்யும் தலைவிப் பெண் ஓநாய். ஊழியர் கூட்டங்களில் இப்படம் இன்றும் தவறாகவே நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, மெய் ஓநாயும் பொய்க் காடும். 2009-இன் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படம் என்று லண்டனில் பரிசு பெற்ற படத்தில் ஓர் ஓநாய் இரவில் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கிறது. அது மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவில் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று கருதி 2010 ஜனவரியில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். 2014-இல் சோச்சி ஒலிம்பிக் விடுதித் தாழ்வாரத்தில் ஓநாய் உலாவும் காணொளி வந்தது. அதில் தாழ்வாரமும் பொய். தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல், அமெரிக்காவில் செட் போட்டுப் பழக்கிய ஓநாயை நடக்கவிட்டிருந்தார்.

மூன்றாவது, ஓநாய் அல்லாத ஓநாய். ஃபுளோரிடாவின் காப்பகம் ஒன்றில் இருந்த யூக்கி என்ற விலங்கின் படம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. ஒரு பெண்மணியின் மடியில் கிடந்த அது அவரையே மறைத்தது. எடை சுமார் 54 கிலோ. மரபணுச் சோதனையில் 87.5 விழுக்காடு ஓநாய். மிச்சம் சைபீரிய ஹஸ்கியும் ஜெர்மன் ஷெப்பர்டும். மடியில் கிடப்பது எதுவும் பெரிதாகத்தான் தெரியும்.

நான்காவது, திரை ஓநாய். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் முதலில் ஓநாய் போன்ற தோற்றமுள்ள நாய்கள் நடித்தன. பின்னர் கனடாவின் கால்கரியில் உண்மை ஓநாயைப் படமெடுத்து, பெரிதாக்கி நடிகர்களின் பக்கத்தில் பொருத்தினார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண் 50 கிலோ ஓநாயைக் கண்டால் ஏமாந்துபோகிறது.

இத்தொடரால் புகழ்பெற்ற டயர் ஓநாய் பற்றி ஒரு குறிப்பு. லாஸ் ஏஞ்சலஸின் லா பிரியா தார்க்குழிகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு கணித்தால், அந்த அழிந்த விலங்கும் சராசரியில் இன்றைய பெரிய ஓநாயின் எடையே இருந்திருக்கும். 2025 ஏப்ரலில் கொலாசல் என்ற அமெரிக்க நிறுவனம் அதை மீட்டெடுத்ததாக வெள்ளைக் குட்டிகளின் படங்களை வெளியிட்டது. படங்கள் உண்மை. குட்டிகளோ 20 இடங்களில் மரபணு திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்கள். ஊர் ஓநாய்க்குப் பழைய பட்டம் சூட்டிய இதை முதல் வகையில் சேர்ப்பதா, மூன்றில் சேர்ப்பதா என்பது ஆய்வுக்குரியது.

ஐந்தாவது, செயற்கை நுண்ணறிவு ஓநாய். மற்ற நான்கிலும் குறைந்தபட்சம் ஓர் ஓநாயோ நாயோ இருந்தது. இதில் அதுவும் இல்லை. கை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கப்போனால் கையில் விரல் ஆறு இருக்கும்.

7. பெரிய ஓநாய் யாருக்கு வேண்டும்?

பொய் சொல்ல ஆதாயம் வேண்டும். இங்கே ஆதாயம் இரு தரப்புக்கும் உண்டு என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

கால்நடைப் பண்ணைக்காரர்கள் பலரின் குற்றச்சாட்டு இது: அரசு கொண்டுவந்தது உள்ளூர் ஓநாய் இல்லை, கனடாவின் இராட்சச இனம். ஆகவே படத்தில் ஓநாய் பெரிதாக இருப்பது அவர்கள் வழக்குக்குச் சான்று. 1937-இல் எட்வர்ட் கோல்ட்மன் வட ராக்கி ஓநாய்க்குத் தனி உள்ளினப் பெயர் வைத்தார். 1944-இல் அவரும் ஸ்டான்லி யங்கும் வட அமெரிக்க ஓநாய்களை இருபதுக்கும் மேற்பட்ட உள்ளினங்களாகப் பிரித்தார்கள். 1995-இல் ரொனால்ட் நோவாக் அவற்றை ஐந்தாகச் சுருக்கினார். ஓநாய்களுக்கு இம்மாற்றங்கள் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அரசு கொண்டுவருவதற்கு ஒன்பதாண்டு முன்பே, 1986-இல், கனடாவிலிருந்து தாமாக நடந்துவந்த ஓநாய்கள் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் குட்டி போட்டிருந்தன.

எதிர்த்தரப்பில் ஓநாய் அன்பர்கள். அவர்களுக்கு ஓநாய் காட்டின் கம்பீரம். சுவர்க் காலண்டரிலும் டி-ஷர்ட்டிலும் நிலாவைப் பார்த்து ஊளையிடும் ஓநாய் சிறியதாக இருக்க முடியாது. வேட்டைக்காரருக்குப் பெரிய ஓநாய் வீரம். பண்ணைக்காரருக்குப் பெரிய ஓநாய் நட்டஈடு. அன்பருக்குப் பெரிய ஓநாய் பக்தி. மூவரும் வேறெதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இந்த வழக்கில் சிறிய ஓநாய்க்கு வாதாட வக்கீல் இல்லை.

8. ஒரு தடையும் அதற்கு விடையும்

‘அளக்கப்படாத பேரோநாய் எங்காவது இருக்கலாமே?’ என்பாரை நோக்கி விடை கூறுதும். இருக்கலாம். 1939-இல் ஒன்று இருந்தது. அலாஸ்காவும் கனடாவும் சைபீரியாவும் பெரிய காடுகள். 80 கிலோவைத் தாண்டும் ஓநாய் நாளையே பிடிபட்டால் இவ்வாய்வு வருந்தாது, திருத்திக்கொள்ளும். ஆனால் 100 கிலோ நாய்வகை விலங்கைக் கண்டே தீரவேண்டும் என்பவர் பனிமலை ஏற வேண்டியதில்லை. 1989-இல் கின்னஸ் புத்தகம் பதிந்த ஸோர்பா என்ற இங்கிலீஷ் மாஸ்டிஃப் நாயின் எடை 155.6 கிலோ. அலாஸ்கா ஓநாயைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அது சோபாவில் படுத்து வளர்ந்த ஜாதி என்பதால் யாரும் அதன் படத்துக்காகச் சண்டை போடவில்லை.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பேரோநாய்ப் படங்களில் படம் பெரும்பாலும் மெய், ஓநாயும் பெரும்பாலும் மெய், எடை பெரும்பாலும் பொய். ஒட்டுவேலை என்று கத்துபவரும் இராட்சசன் என்று கத்துபவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: இருவரும் படத்தைப் பார்க்கிறார்களே தவிர, மனிதர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

எனவே, இனி இவ்வகைப் படம் அனுப்புவோர்க்கு ஆய்வுக்குழுவின் வேண்டுகோள்: மனிதர் ஓநாய்க்குப் பின்னால் அன்றிப் பக்கத்தில் இருக்கட்டும். தோளிலிருந்து பாதம்வரை அளவு நாடா தெரியட்டும். ஓநாய் தொங்கும் தராசும் அதன் முள்ளும் ஒரே படத்தில் வரட்டும். வயிறு காலியா என்பதை ஒரு வரியில் எழுதுக. இவை நான்கும் இல்லாத படம் வந்தால், வாசகர்கள் சொல்லப்பட்ட எடையில் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பலாம். 230 பவுண்டில் பாதி 115. ராக்கி மலை ஆண் ஓநாயின் எடை ஏறக்குறைய அதுவே.